இரண்டு விரல் இறக்கம்

என் மோட்டாரின் முன்விளக்கு
முறுக்கினால் எரியும், விட்டால் மங்கும்.
குழி வருகிறதே என்று மெதுவாகும்போதுதான்
குழியைக் காட்ட மறுக்கும்.
கையில் காசு புரளும்போது மட்டும்
கதவைத் தட்டும் சொந்தம் மாதிரி.

ஈஜோக் கடைத்தெரு தாண்டினால்
ஆறு கிலோமீட்டர் செம்பனை.
கையுறைத் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டு முடித்து
பவுடர் வாசம் போகாத விரல்களோடு
பன்னிரண்டேகாலுக்கு அந்த வழியே வருவேன்.
லாரியிலிருந்து உதிர்ந்த பழங்கள்
சக்கரத்தடியில் நசுங்கும் சத்தம்தான்
பாதை இன்னும் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ஆ செங் கடையில்
இரண்டு ஸ்போட் லைட் ஐம்பத்தைந்து வெள்ளி.
மாட்டிக் கொடுக்க நாற்பது.
"தங்கச்சி, ஒயர் மாறினா மோட்டார் எரிஞ்சிரும்."
நாற்பது வெள்ளி என்றால்
நான் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும்.
சாமானை மட்டும் வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை பக்கத்து மூடியைக் கழற்றினேன்.
உள்ளே நான்கு வருஷப் புழுதி,
காய்ந்த பல்லி ஒன்று,
எப்போதோ தேடிக் கைவிட்ட இருபது காசு.

பேட்டரியின் சிவப்பில் முதலில் ஃபியூஸ்.
அப்புறம் ரிலே,
பாதித் தீப்பெட்டி அளவு கறுப்புக் கட்டி.
நான்கு கால், நான்கு எண்:
முப்பது, எண்பத்தேழு, எண்பத்தைந்து, எண்பத்தாறு.
ஏன் அந்த எண்கள் என்று அட்டையில் போடவில்லை.
லைனில் நான் நூற்றுப் பன்னிரண்டு.
அதையும் ஏன் என்று கேட்டதில்லை.

சுவிட்சில் ஓடுவது சின்ன மின்சாரம்.
அது சும்மா தட்டி எழுப்பும்,
பெரியது எழுந்து போய் வேலை பார்க்கும்.
சூப்பர்வைசர் லேசாக இருமினால்
பெல்ட் முழுக்க வேகமெடுப்பதுபோல.
புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

பக்கத்து வீட்டுக் குணாளன்
சிகரெட்டோடு வந்து நின்றான்.
"அது அப்படியில்ல," என்றான்.
எது அப்படியில்லை என்று சொல்லத் தெரியவில்லை.
சாம்பலைத் தட்டிவிட்டுப் போனான்.

சுவிட்சைப் போட்டேன்.
டிக் என்றது ரிலே. விளக்கு வாய் திறக்கவில்லை.
கறுப்பு ஒயரை முடுக்கிய இடத்தில்
சுரண்டிய பெயிண்டுக்கு அடியில் இன்னொரு பெயிண்ட்,
எனக்கு முன் வைத்திருந்தவன் அடித்த பச்சை.
இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டினேன்.

டிக்.
பட்டப்பகலில், குளியலறைச் சுவரில்
வெள்ளையாய் இரண்டு வட்டம்.
குணாளன் வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

திங்கள் இரவு முதல் ஓட்டம்.
நடுரோடு என்று நான்கு வருஷமாய் நினைத்துப் போனது
வாய்க்காலிலிருந்து ஒரு முழம்.
அடிவயிறு ஒருமுறை புரண்டது.
அது போகட்டும்.

மூன்றாம் பாலத்தில் ஒருவர்.
இதுவரை கண்டதில்லை.
சில இரவுகளில் அந்த இடத்தில் புகையிலை வாசம் வரும்,
பனைக்குள் எவனோ என்று
மூச்சைப் பிடித்து விரட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.
தலையில் அரிசி மூட்டை.
ஒரு கையை இறக்கிக் கண்ணை மறைத்தார்,
ஓரம் தெரியாமல்
வாய்க்கால் பக்கம் ஓர் அடி வைத்தார்.

அணைத்துவிட்டேன்.
முறுக்கை விட்டதில் பழைய விளக்கும் மங்கியது.
கொஞ்ச நேரம் இருவரும்
ஒருவருக்கொருவர் வெறும் மூச்சுச் சத்தம்.
"காக், சிலாவ்," என்றார்.
கண் கூசுகிறதாம்.
எந்த நாட்டுக்காரரோ, மலாய் என்னுடையதைவிட மோசம்.
பெயர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, சோற்றைத் தொடுமுன்
பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன்.
சுவரில் வட்டங்கள்
இரண்டு விரல் கீழே இறங்கின.
போதுமா தெரியவில்லை.
நாளை மூன்றாம் பாலத்தில் நிறுத்தி
அவரைத்தான் கேட்க வேண்டும்.